பெரியமலை, வெறுங்காலில்

கிளிஃபர்டுக்கு முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் நையாண்டி பேச வரும். கேன்டீன் சாம்பாருக்குள் ஒரு முருங்கைக்காய் கண்டெடுக்கப்பட்டது, அதன் காலத்தைக் கணிக்க நிபுணர்கள் வருகிறார்கள் என்று கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் அவன் எழுதியபோது, முதல்வர் நிஜமாகவே கேன்டீனுக்குப் போய் எந்த நிபுணர் என்று விசாரித்தார். அன்றிலிருந்து அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம். தான் என்ன சொன்னாலும் கேட்பவர்கள் ஒரு நொடி திகைத்துவிட்டு அப்புறம் சிரித்துவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தான். அந்த நம்பிக்கையோடுதான் ஜனவரியில் நேர்முகத் தேர்வுக்கும் போனான்.

உலகத்தில் எங்கெல்லாம் மலை இருக்கிறதோ அங்கெல்லாம், அடிவாரத்துச் சின்ன ஊர்களையும் சேர்த்துச் சுற்றிக் காட்டும் ஒரு பயண நிறுவனம். தி. நகரில் அதற்கு ஒரு கிளை. சுற்றுலாத் துறை இறுதியாண்டு மாணவர் ஒருவரை எடுத்து, நேபாளத்தில் பொக்காரா, கிர்கிஸ்தானில் கராகோல், ஜார்ஜியாவில் மெஸ்டியா என்று ஒரு பருவம் முழுக்க வழிகாட்டிகளோடு அனுப்பி, திரும்பி வந்ததும் வேலையும் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு பேரை உட்காரவையுங்கள், ஒருவரை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

முதல் ஆள் அஜித்குமார். அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பட்டினப்பாக்கத்துப் பையன். அப்பா கோபாலுக்குச் சொந்தமாக ஃபைபர் போட் உண்டு. அம்மா கெங்கம்மாவுக்கு லூப் ரோட்டில் மீன்கடை. அஜித்துக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளாது. போட் கிளம்பி அலையைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொண்டே போனதால் குப்பத்தில் அவன் பெயர் எலுமிச்சை. இந்த நேர்முகத்தில் வேலை கிடைக்காவிட்டால் எலுமிச்சையோ பூசணியோ, எதையாவது எடுத்துக்கொண்டு போட்டில் ஏற வேண்டியதுதான் என்று கோபால் கறாராகச் சொல்லியிருந்தார். அதனால் அஜித் மலைகளைப் படித்தான். அவனுக்கு அது பொழுதுபோக்கு இல்லை, ஜாமீன் மனு.

இரண்டாவது நாற்காலியில் யாராவது உட்கார வேண்டுமே என்று துறைத் தலைவர் தேடியபோது, அந்த நேரத்தில் புள்ளியியல் வகுப்பு இருந்ததால் கிளிஃபர்ட் கை தூக்கினான்.

கல்லூரிக் கணினித் திரையில் மூன்று முகங்கள். நடுவில் கைசர் ஜஹான் என்ற அம்மையார். ஆம்பூரில் பிறந்து பெங்களூரில் இருப்பவர், உலகத்தில் பாதி மலைகளில் கால் வைத்தவர். அஜித்தை முதலில் கேட்டார்கள். மலை ஏறியிருக்கிறாயா என்ற கேள்விக்கு அவன், "இல்ல மேடம். திருப்பதிக்குக்கூட பஸ்ஸுலதான் போனேன்," என்றான். வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றான்.

அடுத்து கிளிஃபர்ட்.

"இதுவரைக்கும் நீங்க ஏறினதுலயே பெரிய மலை எது?"

"பெரியமலை மேடம்."

"எத்தனை தடவை?"

"சின்ன வயசுலேர்ந்து வருஷா வருஷம். தவக்காலத்துல."

"எக்விப்மென்ட்?"

"எதுவும் இல்ல மேடம். வெறுங்கால்தான். தோள்ல ஒரு சிலுவை இருக்கும். ஆக்சிஜன் எடுத்துக்கறதில்ல."

சிரிப்பு வருவதற்காக கிளிஃபர்ட் காத்திருந்தான். இணைப்பில் தாமதம் என்று நினைத்தான். திரையில் மூன்று பேரும் குனிந்து குறிப்பெடுத்தார்கள்.

"பனி?"

"அந்த சீசன்ல பனி இருக்காது மேடம். வெயில்தான்."

"மேல தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?"

"மாதா சபைக்காரங்க மோர் குடுப்பாங்க."

"லோக்கல் சப்போர்ட் இருக்கு," என்று கைசர் ஜஹான் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னது ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது.

விஷயம் இதுதான். ஊரெல்லாம் பரங்கிமலை என்று சொல்லும், மின்சார ரயில் நிலையப் பலகையிலும் அப்படியே எழுதியிருக்கும் அந்தக் குன்று, சாந்தோம் தேவாலயப் பங்கு மக்களுக்கும் அவர்களில் ஒருவனான கிளிஃபர்டுக்கும் பெரியமலை. சைதாப்பேட்டைப் பக்கம் இருக்கும் இன்னொரு மேடு சின்னமலை. போர்ச்சுகீசியர் காலத்திலிருந்து சாந்தோமில் குடியிருப்பவர்கள் என்பதால், உலகத்தில் வேறு மலைகள் இருந்தாலும் இந்த இரண்டையும் வைத்தே அளந்து பழகிவிட்டார்கள். பெரியமலை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏறுவதற்குப் படி உண்டு. படி வேண்டாம் என்றால் ஆட்டோ உச்சிவரைக்கும் போகும்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. கிளிஃபர்ட்.

துறைத் தலைவர் அவன் கையைக் குலுக்கியபோதும் அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. நல்ல கதை, சுவர்ப் பத்திரிகைக்கு ஆகும் என்று நினைத்தபடி திரும்பினான். வகுப்பின் கடைசி பெஞ்சில் அஜித் தன் செல்போனில் எதையோ ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான். என்ன என்று எட்டிப் பார்த்தான். மெஸ்டியாவின் படங்கள். பனிமலைக்கு முன்னால் உயரம் உயரமாகக் கல் கோபுரங்கள். ஒவ்வொரு படத்தையும் ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அழித்தான்.

"மெமரி ஃபுல்லு மச்சி," என்றான் அஜித், தலையை நிமிர்த்தாமல்.

கிளிஃபர்டுக்குச் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. சாயங்காலம் கைசர் ஜஹானுக்கு போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வீட்டில் அவனுடைய அம்மா ஜொவிட்டா அதற்குள் பாதி சாந்தோமுக்குச் சொல்லி முடித்திருந்தாள். பள்ளி ஆசிரியை, ஒரு செய்தி எத்தனை பேரைச் சேர வேண்டுமோ அத்தனை பேரையும் சேரும்வரை ஓய மாட்டாள். பெரியம்மா ஐரின் ஒரு குரங்குக் குல்லாயோடு வந்து உட்கார்ந்திருந்தாள். கொடைக்கானலில் வாங்கியதாம்.

"மம்மி, அவங்க தப்பா புரிஞ்சிக்கிட்டாங்க," என்றான் கிளிஃபர்ட். "பெரியமலைன்னதும் ஏதோ நெஜமான மலைன்னு நெனச்சிட்டாங்க."

"ஏன், நெஜமான மலை இல்லியா அது?"

"மம்மி, அது உசரமே இல்ல."

"போன வருஷம் பாதியிலயே மூச்சு வாங்கி உக்காந்தது யாரு? நானா?"

"நீதாண்டா உக்காந்தே," என்றாள் ஐரின் பெரியம்மா. "நான் பாத்தேன். இந்தா, குல்லாயைப் போட்டுப் பாரு, காது மூடுதான்னு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் ஃபாதர் அறிவிப்பு செய்தார். நம் பங்கைச் சேர்ந்த கிளிஃபர்ட், பெரியமலையில் பெற்ற பயிற்சியால், உலகத்தின் பல மலைகளுக்குப் போகத் தேர்வாகியிருக்கிறான். எல்லோரும் கை தட்டினார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சிரிக்க இதில் ஒன்றும் இல்லை என்று அவர்கள் மனதார நம்பினார்கள். முருங்கைக்காய் எழுதிய கையால் கிளிஃபர்ட் தன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் அதே ஃபாதர்தான்.

"பொய் சொல்லிட்டேன் ஃபாதர்."

"என்ன பொய்?"

"பெரியமலை ஏறியிருக்கேன்னு சொன்னேன்."

"ஏறலியா?"

"ஏறியிருக்கேன்."

"அப்ப இதுல பொய் எங்க வருது?"

"அது ஒரு மலையே இல்ல ஃபாதர்."

தட்டிக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"அப்போஸ்தலர் ரத்தம் சிந்தின மலையை மலையே இல்லைங்கற," என்றார் ஃபாதர். "இதுவரைக்கும் நீ ஒரு பாவமும் சொல்லல. இப்ப சொல்லியிருக்க. மூணு அருள்நிறைந்த மரியே சொல்லிட்டுப் போ."

சொல்லிவிட்டுத்தான் போனான். ஆனால் வேறு எதற்கோ மன்னிப்பு வாங்கிக்கொண்டு போவது போலிருந்தது. கைசர் ஜஹானுக்குப் பேச எடுத்த போனைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டான். நாளைக்குப் பேசலாம்.

மறுநாள் அஜித்தே அவனைத் தேடி வந்தான். இரண்டு பேரும் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தார்கள். அஜித் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அது அவன் வழக்கம்.

"நீ எதுவும் பட்ச்சிருக்க மாட்ட, எனக்குத் தெரியும்," என்றான். "அங்க போயி முயிச்சிக்கினு நிக்காத. கேட்டுக்கோ. மெஸ்டியாவுல பொயுது சாஞ்சா குளிரு பிச்சிக்கும். கராகோல்ல ஒரு சூப்பு கீது மச்சி, ஜில்லுனு, நூடுல்ஸு போட்டு, புளிப்பா. நம்ம பழைய சோறுனு நெனச்சிக்கினு குட்ச்சிரு, மூஞ்சைச் சுளிக்காத, அது அவுங்க பெருமை. ஞாயித்துக்கெயம ஆட்டுச் சந்தை. அத்த உட்டுராத."

"டேய், எனக்கு ஏன்டா இதெல்லாம் சொல்ற?"

"நான் வெச்சிக்கினு இன்னா பண்றது? வர்ற திங்கக்கெயமலேர்ந்து நைனாகூட போட்டுக்குப் போறேன். அங்க நெத்திலியாண்ட சொல்லவா?"

கிளிஃபர்ட் மணலைப் பார்த்தான்.

"அன்னிக்கு கதவாண்ட நின்னு கேட்டேன் மச்சி. வெறுங்காலுனு நீ சொன்னப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிட்ச்சு. இவன்தான் கரெக்டு ஆளு, நாம சும்மா போன்ல பாத்துக்கினு கெடந்தோம்னு பட்ச்சு." அஜித் நிஜமான மரியாதையோடு அவனைப் பார்த்தான். "பெரியமலன்னா எங்க கீது? கொல்லிமல பக்கமா?"

இப்போது சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை போதும்.

"ம்," என்றான் கிளிஃபர்ட்.

இதுவரை நடந்ததெல்லாம் நையாண்டி என்று அவன் வாதாட முடியும். அந்த ஒரு 'ம்'முக்கு வக்கீல் கிடையாது. அஜித் தலையாட்டிக்கொண்டு, உள்ளே எங்காவது குறித்துக்கொண்டது போலக் கொல்லிமலை என்று ஒரு தடவை முணுமுணுத்தான்.

திங்கட்கிழமை அஜித் போட்டுக்குப் போனான். வகுப்புக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. கடைசி பெஞ்சைப் பார்க்காமலிருக்க கிளிஃபர்ட் முதல் பெஞ்சுக்கு மாறினான். உலக மலைகள் அவனைத் திருத்திவிட்டதாக ஆசிரியர்கள் மகிழ்ந்தார்கள்.

அந்த வாரச் சனிக்கிழமை கைசர் ஜஹான் சென்னைக்கு வந்தார். கோடைச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்திருந்தவர்களை தி. நகரில் ஒரு சின்ன ஹாலில் கூட்டி, அவர்களிடம் இரண்டு வார்த்தை பேச கிளிஃபர்டையும் கூப்பிட்டிருந்தார். அபிராமபுரம், மயிலாப்பூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற தம்பதிகளே அதிகம். புதிய ஷூக்களைப் போட்டுப் பழகுவதற்காக வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

"வெறுங்காலோட மலை ஏறின பையன் இவர்தான்," என்று கைசர் ஜஹான் அறிமுகப்படுத்தினார். "உங்களுக்கு ஷூவோட போறதுக்கே பயம்னா இவரைக் கேளுங்க."

முன்வரிசையில் ஒரு மாமா எழுந்தார். "தம்பி, நானும் இவளும் போன வருஷம் ஆல்ப்ஸ் போயிருந்தோம். உச்சியில நின்னுண்டு இவ கேக்கறா, கீழ காபி கிடைக்குமான்னு. அதுக்கே எனக்கு மூச்சு வாங்கித்து. உங்க பெரியமலை எத்தனை அடி?"

கிளிஃபர்ட் மைக்கைப் பிடித்துக்கொண்டான். சொல்லிவிடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தான். எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது என்பது கணக்கு.

"முந்நூறு அடி மாமா."

ஹால் ஒரு நொடி திகைத்தது. பிறகு சிரித்தது.

"நெஜமா. ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல இருக்கு. நீங்கள்லாம் பரங்கிமலைன்னு சொல்லுவீங்க. படிக்கட்டு இருக்கு. முட்டி வலின்னா ஆட்டோவே மேல வரைக்கும் போகும்."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மாமா கையைத் தட்டினார்.

"சிரிக்காதீங்க. இன்டர்வியூல நான் ஏமாத்திட்டேன். எனக்கு இங்க நிக்கற தகுதி இல்ல. என்கூடப் படிக்கிறவனுக்குப் போக வேண்டிய எடம் இது."

பின்வரிசையில் ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "முகத்தைப் பாரேன், எவ்ளோ சீரியஸா வெச்சுண்டு சொல்றது. ஆத்துல இப்படி ஒண்ணு இருந்தா டிவியே வேண்டாம்."

பொய் சொன்னபோது அவனுக்குக் கிடைக்காமல்போன சிரிப்பு மொத்தமும் இப்போது வந்து சேர்ந்தது. மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். காது மடல் வரைக்கும் சுட்டது. கூட்டத்தில் சிரிக்காதவர் ஒருவர்தான்.

கைசர் ஜஹான் அவனைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"பரங்கிமலையா?"

"ஆமா மேடம்."

"இன்னிக்குக் காலையில என் ஃப்ளைட் அதைத் தாண்டித்தான் இறங்குச்சு. ஜன்னல் சீட்டு. பாத்தேன். மேல ஒரு சர்ச் இருந்துச்சு." அவர் குரலை உயர்த்தவில்லை. "விளையாட்டுக்குச் சொன்னியா?"

"ஆமா மேடம். நீங்க சிரிப்பீங்கன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் சொல்லல? மூணு வாரம் ஆச்சு."

கிளிஃபர்ட் இன்னும் கையிலிருந்த மைக்கின் சுவிட்சை அணைத்தான்.

"அந்தப் பையன் மலையே ஏறினதில்லன்னு ஒளிக்காம சொன்னான்," என்றார் கைசர் ஜஹான். "நாங்க அதுக்காக அவனைத் தள்ளிவிட்டோம். எங்களுக்கும் வெக்கமாத்தான் இருக்கு. உன் பேரை எடுத்துடறேன். அவன் நம்பரைக் குடு."

அழைத்துப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது.

"கடல்ல இருப்பான் மேடம்."

"நாளைக்குச் சாயங்காலம் நான் கிளம்பறேன். அதுக்குள்ள அவன் என்கிட்ட பேசணும். இல்லன்னா திருச்சியில ஒரு பொண்ணு காத்திருக்கா, நல்ல பொண்ணு. நீ போய்ச் சொல்லு. என்ன நடந்துச்சுங்கறதையும் நீதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்."

ஞாயிறு காலையில் பூசைக்குப் போகாமல் கிளிஃபர்ட் பட்டினப்பாக்கத்துக்குப் போனான். கெங்கம்மா கடையில் சங்கரா மீன்களை அடுக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"வா நைனா. ஃபாரின் போற புள்ள. இன்னா ஓணும்?"

"அஜித் இல்லீங்களாம்மா?"

"போட்டு இன்னும் வர்ல. நேத்தும் புள்ள ஒரு வாய் சோறு துன்னுல. வர்றதும் படுக்குறதும்தான். அவுங்கப்பன் பயகிடும், பயகிடும்னுது. எங்க பயகுறது? கொடலே வெளிய வந்துரும் போலக் கீது." மீன்களைத் திருப்பிப் போட்டாள். "நீ எப்பக் கெளம்புற?"

"நான் போகலம்மா. என் எடத்துல அஜித் போறான்."

உண்மை என்னவோ உண்மைதான். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று அவனுக்கு உறைத்தது. கெங்கம்மா ஈரக்கையோடு எழுந்து நின்றாள்.

"நீ உட்டுக் குடுத்துட்டியா?"

"இல்லம்மா, அது வந்து..."

"ஏ ஜாஸ்மினு," பக்கத்துக் கடையைப் பார்த்துக் கத்தினாள். "இங்க வாயேன். இந்தப் புள்ள ஃபாரினு போற சான்ஸை எம்புள்ளைக்கு உட்டுக் குடுத்துட்ச்சாம். எம்புள்ள படுற கஷ்டத்தைப் பாத்து. கூடப் பொறந்ததுகூட செய்யாதுடி."

வரிசையாக எட்டிப் பார்த்தார்கள். ஜாஸ்மின் அவன் கன்னத்தைத் தொட்டு விரல்களை நெற்றியில் சொடுக்கினாள். மீன் வாங்க வந்த ஒருவர் அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார். பேச முயன்ற கிளிஃபர்டின் குரல் அந்தச் சத்தத்தில் எடுபடவில்லை. நையாண்டி எழுதுபவர்களுக்கு எதிர்ப்பு வரலாம், வழக்கு வரலாம். ஆசீர்வாதம் வந்தால் என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

அப்போது போட் கரையை ஒட்டியது. கோபாலும் இன்னொருவரும் வலையை இழுக்க, அஜித் பக்கவாட்டில் இறங்கி முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்றான். முகம் பச்சையும் வெள்ளையுமாக இருந்தது. கிளிஃபர்ட் ஓடிப்போய் அவனைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான். எல்லாவற்றையும் சொன்னான். புள்ளியியல் வகுப்பு, ஆக்சிஜன், மோர், பரங்கிமலை, கொல்லிமலை.

அஜித் குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"பரங்கிமல."

"ஆமாடா."

"ட்ரெய்ன்ல தெரியுமே, அது."

"ஆமா."

"கொல்லிமலையானு நான் கேட்டேன். நீ ம்னு சொன்ன."

கிளிஃபர்ட் தலையாட்டினான்.

"மேடமாண்ட சொன்னது ஜோக்கு. சரி. என்னாண்ட சொன்னது இன்னா?" அஜித்தின் குரல் தேய்ந்திருந்தது, கத்துவதற்கு உடம்பில் எதுவும் மிச்சமில்லை. "ஒரு வாரமா அந்தப் போட்டுல படுத்துக்கினு இன்னா நெனச்சேன் தெரியுமா? போனா போவுது, கரெக்டான ஆளுதான் போறான்னு நெனச்சேன். அத்த வெச்சித்தான் மச்சி சமாளிச்சேன்."

"நம்பர் தர்றேன். சாயங்காலத்துக்குள்ள பேசிடு."

"பேசுறேன். உனுக்காவ இல்ல."

அஜித் நம்பரை வாங்கிக்கொண்டு திரும்பினான். அதற்குள் கெங்கம்மா ஒரு பையோடு மணலில் நடந்து வந்துவிட்டாள். பின்னால் ஜாஸ்மினும் இரண்டு மூன்று பேரும். பையில் முழு வஞ்சிரம் ஒன்று, வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"வூட்டுல அம்மாண்ட குடு நைனா. கெங்கம்மா குடுத்தான்னு சொல்லு. இப்பிடி ஒரு புள்ளயப் பெத்ததுக்கு."

"வேணாம்மா. நான் அதுக்கு... நான் விட்டுக்குடுக்கல. நடந்தது என்னன்னா..."

"வாங்கிக்கோ," என்றான் அஜித்.

"டேய், நீயாவது சொல்லுடா."

அஜித் அவன் காதருகே வந்தான். மூச்சில் எலுமிச்சையும் உப்பும் நாறின.

"ஒரு வாரம் கழிச்சி இன்னிக்குத்தான் எங்கம்மா மொகத்துல சிரிப்பைப் பாக்குறேன். நீ சொல்லி, நீ லேசாயி, அத்த அய வுடாத. வாங்கிக்கினு போ."

கிளிஃபர்ட் இரண்டு கைகளாலும் பையை வாங்கினான். கெங்கம்மா அவன் தலையில் கை வைத்தாள். கோபால்கூட வலையை விட்டுவிட்டு வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு கும்பிடு போட்டார். அதற்கும் திருப்பிக் கும்பிட முடியாதபடி கையில் மீன் இருந்தது.

சாந்தோம் நெடுஞ்சாலைக்கு வந்தபோது இரண்டாம் பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. ஜொவிட்டாவும் ஐரின் பெரியம்மாவும் கேட் அருகில் நின்றிருந்தார்கள். பூசைக்கு வராதவன் இவ்வளவு பெரிய மீனோடு வருவதைப் பார்த்து ஜொவிட்டா புருவத்தை உயர்த்தினாள்.

"ஏதுடா வஞ்சிரம்? யார் குடுத்தா?"

சுற்றிலும் பங்கு மக்கள் நின்று, அவன் என்ன சொல்லப்போகிறான் என்று சிரிக்கத் தயாராகப் பார்த்தார்கள். கிளிஃபர்ட் முகத்தை நேராக வைத்துக்கொள்ளப் பார்த்தான். இந்தத் தடவை முகம் அசையாமல் நிற்கவில்லை.